பிரேக் விடாத ஜீப்பும் பிரேக் இல்லாத ஜீப்பும் ஒண்ணுதான்

எங்க பக்கத்துல ஒரு ஜீப்புக்குப் பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்சா அன்னைக்கு அந்த வண்டியில யாரும் ஏற மாட்டாங்க. டிரைவரே சாவியைக் கழட்டிப் பையில போட்டுக்குவாரு. ஆனா அதே ஜீப்புக்குப் பிரேக் கவ்வுது, காலை எடுத்தாலும் விடமாட்டேங்குதுன்னு சொல்லிப் பாருங்க. "பிடிக்குதுல்ல, அது போதும்ப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே கிளம்பிருவாங்க. பிடிக்காததுதான் ஆபத்து, பிடிச்சுக்கிறது வெறும் தொந்தரவுன்னு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு தப்புன்னு சொல்லத்தான் இன்னைக்கு எழுதுறேன். மலை ரோட்டுல பிரேக் விடாத வண்டி இன்னும் கொஞ்ச தூரத்துல பிரேக்கே இல்லாத வண்டியா மாறிடும். எப்படி மாறுதுன்னு கீழே சொல்றேன். அதோட, இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கு. அதை விட்டுட்டு "எல்லாத்தையும் மாத்து"ன்னு சொல்ற வழக்கம் வந்துருச்சு. அதைப் பத்தியும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கு.

டவுன்ல இருந்து படிக்கிற உங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு கேட்கலாம். மூணு விஷயம் இருக்கு. தேனி மாவட்டத்துல போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்கள்ல இருந்து தினமும் விடியறதுக்கு முன்னாடியே ஜீப்புகள் கிளம்புது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியா இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போறவங்க, பெரும்பாலும் பொம்பளைங்க, அதுல நெருக்கி உட்கார்ந்து போறாங்க. உங்க வீட்டுப் பாயசத்துல போடுற ஏலக்காய் அவங்க கை பறிச்சதா இருக்கலாம். ரெண்டாவது, நீங்க கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க வந்தா சூரியநெல்லியில இருந்து ஜீப்புலதான் ஏறணும். மூணாவது, இப்ப ஐ.டி. வேலை பார்க்கிற தம்பிங்க நிறைய பேர் பழைய ஜீப்பைத் தேடி வந்து வாங்கிட்டுப் போறாங்க. பெரிய டயர் போடுறாங்க, புதுப் பெயின்ட் அடிக்கிறாங்க. டிரம்மைக் கழட்டிப் பார்த்தவங்க குறைவு.

இந்த ஜீப்புக்கெல்லாம் மூதாதை, ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காக்காரன் ஓட்டின வில்லிஸ் ஜீப். 1947-ல இருந்து மஹிந்திரா கம்பெனி அதை நம்ம நாட்டுல கோர்த்துக் குடுக்க ஆரம்பிச்சது. அப்புறம் இஞ்சின் மாறுச்சு, டீசல் வந்துச்சு, பாடி நீளமாச்சு. ஆனா ரொம்ப காலத்துக்கு அடிப்படை அதே அடிப்படைதான். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஏ.பி.எஸ். கிடையாது. பின்னாடி வந்த மாடல்கள்ல பூஸ்டர் இருக்கும், முன்னாடி டிஸ்க்கும் இருக்கும். நான் இங்க சொல்றது முக்கியமா அந்தப் பழைய டிரம் பிரேக் வண்டியைப் பத்தி.

அது வேலை செய்ற விதம் நம்ம தோட்டத்துச் சொட்டு நீர்க் குழாய் மாதிரி எளிமையானது. பெடலை மிதிச்சா ஒரு ராடு மாஸ்டர் சிலிண்டருக்குள்ள இருக்கிற பிஸ்டனைத் தள்ளும். பிரேக் ஆயில் பைப் வழியா நாலு சக்கரத்துக்கும் போய், அங்க இருக்கிற வீல் சிலிண்டரை விரிக்கும். அது ரெண்டு ஷூவையும் டிரம்மோட உரச வைக்கும். காலை எடுத்தா ஸ்பிரிங் ஷூவை உள்ளே இழுக்கும், ஆயில் வந்த வழியே திரும்பி மேல டப்பாவுக்குப் போயிரும். அப்படித் திரும்பிப் போறதுக்கு மாஸ்டர் சிலிண்டர்ல ஊசிமுனை அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கு. பெடல் முழுசா மேல வந்தாத்தான் பிஸ்டனோட ரப்பர் கப் பின்னால போய் அந்த ஓட்டை திறக்கும்.

பிரேக் பிடிக்கிறதுக்கு ஆயில் போகணும், விடுறதுக்கு ஆயில் திரும்பணும். பிரேக் கவ்வுற வியாதியில பாதிக்கு மேல இந்தத் திரும்பி வர்ற பாதையிலதான் இருக்கு. ஆனா நம்ம ஆளுங்க எப்பவும் சக்கரத்தைக் கழட்டி ஷூவைத்தான் முதல்ல பார்ப்பாங்க.

சரி, ஏன் ஆபத்து? ஷூ லேசா உரசிக்கிட்டே இருந்தா டிரம் சூடாகும். அந்தச் சூடு வீல் சிலிண்டருக்குள்ள இருக்கிற ஆயிலுக்கு இறங்கும். ஆயில் சூடானா விரியும். திரும்பிப் போற ஓட்டை அடைச்சிருந்தா விரிஞ்ச ஆயில் எங்க போகும்? ஷூவை இன்னும் அழுத்தும். இன்னும் உரசும், இன்னும் சூடாகும். இப்படியே போய் ஒரு கட்டத்துல ஆயில் கொதிச்சு ஆவியாயிரும். ஆயிலை அமுக்க முடியாது, அதனாலதான் அது விசையைக் கடத்துது. ஆவியைச் சுலபமா அமுக்கலாம். அப்ப பெடலை மிதிச்சா கால் தரை வரைக்கும் போகும், சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது. மேல ஏறும்போது கவ்வின வண்டி, இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுல பிரேக் இல்லாம போறது இப்படித்தான்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. டாட் 3 ஆயிலோட கொதிநிலை புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி இருக்கணும்னு கணக்கு. ஈரம் ஏறின பிறகு அதுக்குக் குடுத்திருக்கிற அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு அது 230-ம் 155-ம். எங்க மலையில மழையும் மூடுபனியும் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். பத்து வருஷமா மாத்தாத ஆயில் டப்பாவுல காப்பித்தண்ணி மாதிரி கறுத்துக் கிடக்கும். அதே ஈரம்தான் வீல் சிலிண்டரைத் துரு பிடிக்க வெச்சு, பிஸ்டனை நகர விடாம பண்றதும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுசா மாத்தினா இந்த ரெண்டு தொல்லையும் பெரும்பாலும் வராது. மோட்டாருக்குக் காயில் கட்டுற செலவுல இது எத்தனையோ பங்கு கம்மி.

"பிரேக் ஆயில்"னு நாம சொல்ற பேரே ஒரு குழப்பம். அது நாம நினைக்கிற எண்ணெய் வகை கிடையாது. ஆனா பேர்ல ஆயில் இருக்கிறதால, அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ அந்த டப்பாவுல ஊத்துறவங்க இருக்காங்க. அந்த எண்ணெய் பட்டா உள்ளே இருக்கிற ரப்பர் கப் எல்லாம் ஊறின சுண்டல் மாதிரி உப்பிரும். உப்பின கப் அந்தச் சின்ன ஓட்டையை மூடிக்கும். நாலு சக்கரமும் கவ்வும். இப்படி ஆன வண்டிக்கு வெறும் ஆயிலை மாத்தினா போதாது. எல்லாப் பைப்பையும் கழுவி, மாஸ்டர்ல இருந்து வீல் சிலிண்டர் வரைக்கும் ரப்பர் எல்லாம் மாத்தணும், ஹோஸ் பைப்பையும் சேர்த்து. பத்து ரூபாய் சாமர்த்தியத்துக்குக் குடுக்கிற விலை அது.

இப்ப கண்டுபிடிக்கிற முறைக்கு வர்றேன். முதல் கேள்வி, எந்தச் சக்கரம் கவ்வுது? இதைக் கேட்காமலே ஸ்பேனரை எடுக்கிற மெக்கானிக்கிட்ட வண்டியை விடாதீங்க.

நாலும் சேர்ந்து கவ்வினா கோளாறு நாலுக்கும் பொதுவான இடத்துல இருக்கும். பெடல், ராடு, மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் இருந்தா பூஸ்டர். ஒரே ஒரு சக்கரம் கவ்வினா அந்தச் சக்கரத்துல, இல்ல அதுக்குப் போற ஹோஸ் பைப்புல. பின்னாடி ரெண்டும் சேர்ந்து கவ்வினா, பின் ஆக்ஸிலுக்கு வழக்கமா ஒரே ஹோஸ்தான் போகும், அதைச் சந்தேகப்படணும். ஹோஸ் பைப் வெளியே நல்லா இருக்கும். உள்ளே ரப்பர் பிரிஞ்சு மடிஞ்சு ஒரு வால்வு மாதிரி நிக்கும். கால் பலத்துல ஆயில் முன்னால போயிரும், ஸ்பிரிங் பலத்துல திரும்பி வர முடியாது. கண்ணால பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பின் சக்கரம் ரெண்டும் நின்னுச்சுன்னா இன்னொண்ணும் பார்க்கணும். பழைய ஜீப் பலதுல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல கிடையாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுல ஒரு தனி டிரம்மா இருக்கும். அதோட கேபிள் சேறு பிடிச்சு இறுகிக்கிட்டா ரெண்டு பின் சக்கரமும் இழுக்கும். ஆனா சக்கரத்து டிரம் சூடே இருக்காது. காரைப் பழகின மெக்கானிக் இதைத் தெரியாம பின் சக்கரம் ரெண்டையும் கழட்டிப் போட்டுட்டு நாள் பூரா தேடுவாரு.

பிரேக்கே இல்லாத கோளாறும் உண்டு. டவுன் தம்பிங்க வாங்குன வண்டிகள்ல இதை அதிகமாப் பார்க்கிறேன். சேத்துல 4 வீல் லீவரைப் போட்டிருப்பாங்க. அப்படியே எடுக்காம தார் ரோட்டுக்கு வந்திருப்பாங்க. வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் உருளணும். இந்த வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல அந்த வித்தியாசத்தை விட்டுக் குடுக்க எதுவும் கிடையாது. சேத்துல டயர் வழுக்கி அதைச் சரி பண்ணிக்கும், தார்ல வழுக்காது. வண்டி முறுக்கிக்கிட்டு இழுக்கும், பிரேக் பிடிச்ச மாதிரியே இருக்கும். கொஞ்சம் பின்னால எடுத்து லீவரைத் தள்ளினா சரியாப் போயிரும். வீல் பேரிங் பிடிச்சுக்கிட்டாலும் இதே மாதிரி தோணும்.

அடுத்து நிப்பிள் சோதனை. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். சரிவுல கவ்வி நிக்கிற வண்டியை அந்த பிரேக்தான் பிடிச்சு வெச்சிருக்கு. அதை விடுவிச்ச நிமிஷம் வண்டி உருளும். அதனால முதல்ல முட்டுக்கட்டை. டவுன்ல "முட்டுக்கட்டை"ன்னா எதுக்காவது தடையா நிக்கிறவங்களைச் சொல்லுவீங்க. எங்களுக்கு அது தேருக்கும் வண்டிக்கும் சக்கரத்தடியில குடுக்கிற கட்டை, உயிரைக் காப்பாத்துற சாமான். கட்டை இல்லைன்னா நல்ல பெரிய கல்லு, ரெண்டு சக்கரத்துக்காவது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகக்கூடாது.

கவ்வின சக்கரத்தைத் தூக்கி, கையால சுத்திப் பாருங்க. சுத்தாது. அந்தச் சக்கரத்து நிப்பிளை லேசா லூஸ் பண்ணுங்க. ஆயில் சீறிக்கிட்டு வரும், கண்ணுல படாம பார்த்துக்கணும். ஆயில் வந்ததும் சக்கரம் சுத்துச்சுன்னா, உள்ளே அழுத்தம் சிக்கிக்கிட்டு இருந்திருக்கு, கோளாறு ஆயில் பாதையில. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் சுத்தலைன்னா கோளாறு இரும்புல. வீல் சிலிண்டர் பிஸ்டன் துருப்பிடிச்சு நிக்குது, இல்ல ஸ்பிரிங் செத்துருச்சு, இல்ல ஷூவை ரொம்ப டைட் பண்ணி வெச்சிருக்காங்க. ஒரே ஒரு நிப்பிளைத் திறந்ததுல பாதி சந்தேகம் தீர்ந்துபோச்சு.

அழுத்தம்தான்னு தெரிஞ்சா மேல மேல போகணும். மறுபடி மிதிச்சுக் கவ்வ வெச்சு, இந்தத் தடவை ஹோஸுக்கு முன்னால இருக்கிற இரும்பு பைப் நட்டை லூஸ் பண்ணணும். அங்க திறந்ததும் சக்கரம் விட்டுச்சுன்னா ஹோஸ் நல்லா இருக்கு, கோளாறு இன்னும் மேல. விடலைன்னா ஹோஸ்தான் திருடன். இப்படியே மாஸ்டர் சிலிண்டர் வரைக்கும் போகலாம். வாய்க்கால்ல தண்ணி எங்க நிக்குதுன்னு மடையை ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டுப் போற மாதிரி. எல்லாம் முடிஞ்சதும் ஏர் எடுத்துத்தான் வண்டியை எடுக்கணும்.

இந்த முறை எவ்வளவு மிச்சம் பண்ணுதுன்னு காட்ட, எங்க ஜீப்போட கதையைச் சொல்றேன். எரு ஏத்தவும் இலவங்காய் இறக்கவும் அதுதான் எங்களுக்கு. மாஸ்டர் சிலிண்டர் ஒழுகுதுன்னு டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல புதுசு மாத்திக் குடுத்தாங்க. கடையை விட்டுக் கிளம்பும்போது அருமையா இருந்துச்சு. மலைப்பாதையில நாலு கிலோமீட்டர் ஏறினதும் மூணாவது கியர்ல ஏற வேண்டிய இடத்துல ரெண்டாவதுலயே திணறுது. இறங்கிப் பார்த்தா நாலு டிரம்மும் கை வைக்க முடியல. அரைமணி நேரம் நின்னா தானா விட்டுருது. மறுபடி நாலு கிலோமீட்டர், மறுபடி அதே கதை.

அந்தக் கடையில திரும்பக் கேட்டதுக்கு, நாலு வீல் சிலிண்டர், நாலு செட் ஷூ, டிரம் கடைசல்னு ஒரு பெரிய பட்டியல் குடுத்தாங்க. நான் வண்டியை எங்க ஊர்ப் பக்கத்துல இருக்கிற வயசான மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டுபோனேன். அவரு ஸ்பேனரே எடுக்கல. கேள்வி கேட்டாரு. "நாலுமா தம்பி?" நாலும்ண்ணே. "ஆறினா விடுதா?" விடுதுண்ணே. "எதை மாத்தினதுக்கப்புறம்?" மாஸ்டர். குனிஞ்சு பெடலைக் கையால அமுக்கிப் பார்த்தாரு. "சும்மா ஆடுற இடமே இல்லையேப்பா"ன்னாரு.

பெடலை மிதிக்க ஆரம்பிச்சதும் கொஞ்ச தூரம் ஒண்ணும் பண்ணாம சும்மா போகணும். இந்த மாதிரி வண்டிக்குச் சுமாரா அரை அங்குலம். அந்த இடம் இருந்தாத்தான் ராடு பிஸ்டனை விட்டு முழுசா விலகுது, ஓட்டை திறக்குதுன்னு அர்த்தம். புது மாஸ்டரைப் போட்டவங்க பழைய ராடு நீளத்தை அப்படியே விட்டுட்டாங்க. ராடு எந்நேரமும் பிஸ்டனை ஒரு நூல் தள்ளிக்கிட்டே இருந்திருக்கு, ஓட்டை மூடியே கிடந்திருக்கு. வண்டி குளிர்ந்திருக்கும்போது தெரியல, சூடானதும் ஆயில் விரிஞ்சு வெளியேற வழியில்லாம கவ்வியிருக்கு. அண்ணன் லாக் நட்டை லூஸ் பண்ணி ராடை ரெண்டு சுத்து குறைச்சாரு. அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. அதுக்கப்புறம் அந்தக் கோளாறு வரல.

இதுல என் கருத்து, அந்தக் கடைக்காரங்க ஏமாத்துக்காரங்கன்னு இல்லை. மாத்துறதுக்குக் காசு கிடைக்குது, கண்டுபிடிக்கிறதுக்குக் காசு கிடைக்கிறதில்லை. அந்த அண்ணன் பத்து நிமிஷத்துல முடிச்ச வேலைக்கு முந்நூறு ரூபா கேட்டா, "ரெண்டு சுத்து சுத்தினதுக்கு முந்நூறா"ன்னு கேட்கிற ஆளுங்க நாமதான். அதே ஆளுங்க சாமான் பில்லைக் காட்டினா ஆயிரக்கணக்குல எண்ணி வெச்சிட்டு வருவோம். அப்புறம் எவன் யோசிச்சு வேலை பார்ப்பான்? படிச்சு முடிச்சு வர்ற பையன் சாமானைக் கழட்டி மாட்டத்தான் கத்துக்குவான். நல்ல மெக்கானிக் குறைஞ்சு போனதுக்கு நாமளும் காரணம். கண்டுபிடிச்ச மூளைக்குக் கூலி குடுக்கணும்.

இன்னொரு வகைக் கோளாறையும் தனியாச் சொல்லணும். காலை எடுத்ததும் விடுது, ஆனா லேசா மிதிச்சாலே ஒரு சக்கரம் வெடுக்குன்னு நிக்குது, வண்டி ஒரு பக்கமா இழுக்குது. இது லைனிங்ல எண்ணெய் பட்டதோட அடையாளமா இருக்கலாம். எண்ணெய் பட்டா வழுக்கத்தானே செய்யும்னு நினைப்போம். ரொம்ப நனைஞ்சா வழுக்கும். லேசாப் பட்டா சூட்டுல பிசினாகிக் கவ்வும். டிரம்மைக் கழட்டி மோந்து பாருங்க. கெட்டியா, கந்தக நாத்தம் அடிச்சா அது கிரவுன் ஆயில். தண்ணியா இருந்தா பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் ஒழுகுது.

கிரவுன் ஆயில் வந்திருந்தா சீலை மட்டும் மாத்திட்டு விடாதீங்க. ஆக்ஸில் மேல காத்து போக ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கும். சேத்துல ஓடுற வண்டியில அது அடைச்சுக்கும். ஆக்ஸில் சூடானதும் உள்ளே காத்து விரிஞ்சு, போக வழியில்லாம எண்ணெயைச் சீல் வழியா டிரம்முக்குள்ள தள்ளும். ஒரு குச்சியால குத்தி எடுக்க வேண்டிய சேத்துக்காக வருஷா வருஷம் சீலும் ஷூவும் மாத்துறவங்க இருக்காங்க. எண்ணெய் குடிச்ச லைனிங்கைப் பெட்ரோல்ல கழுவி மறுபடி போடுறதும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மாத்தாம ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க, இல்லைன்னா வண்டி ஒரு பக்கமாவே இழுக்கும்.

டிரம்முக்குள்ள இருக்கிற தூசியைக் காத்து பிடிச்சு ஊதுற வழக்கத்தையும் நிறுத்தணும். பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால துடைச்சா போதும். பட்டறையில இருக்கிற சின்னப் பசங்க பாவம், அவங்களுக்கு யாரும் சொல்றதில்லை.

இதுக்கெல்லாம் மேல எனக்குக் கோபம் வர்ற ஒரு வழக்கம் இருக்கு. ஒரு சக்கரம் கவ்வினா அந்தச் சக்கரத்துக்குப் போற பைப்பை அடைச்சிட்டு மூணு சக்கர பிரேக்கோட ஓட்டுறது. "சாயங்காலம் வந்து பார்த்துக்கலாம்"னு சொல்லி அடைப்பாங்க, அந்தச் சாயங்காலம் மாசக்கணக்குல வராது. முன் சக்கரத்துல ஒண்ணுக்கு பிரேக் இருந்து இன்னொண்ணுக்கு இல்லைன்னா, அவசரத்துக்கு மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கமா வெட்டும். மலை ரோட்டுல அந்தப் பக்கம் பாறையா பள்ளமாங்கிறது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பின்னாடி உட்கார்ந்திருக்கிற பொம்பளைங்களுக்கு அந்த அடைச்ச பைப் பத்தி எதுவும் தெரியாது.

டிரைவரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வண்டி ஒரு நாள் நின்னா அவருக்கும் கூலி போச்சு, ஏற வேண்டியவங்களுக்கும் போச்சு. தோட்டத்துல வேலை நிக்கும்னு கூட்டிட்டுப் போறவரு நெருக்குவாரு. அதனால நான் சொல்றது, வண்டி பழுதுன்னா அன்னைக்கு மாத்து வண்டிக்கு ஏற்பாடு பண்ற பொறுப்பு ஆள் கூட்டிட்டுப் போறவருக்கும் தோட்ட முதலாளிக்கும் இருக்கணும். செலவை டிரைவர் தலையில மட்டும் கட்டினா அவரு பைப்பை அடைக்கத்தான் செய்வாரு.

"இந்தப் பழைய வண்டிகளையே ஒழிச்சுக் கட்டணும்"னு சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்கலை. மலைப்பாதையில இந்த வேலையைச் செய்ற புது வண்டி வாங்க என்னை மாதிரி ஆளுக்கு வழியில்லை. முப்பது வருஷ ஜீப்பு நல்லா இருக்கும், மூணு வருஷ வண்டி மோசமா இருக்கும், பார்த்துக்கிறதைப் பொறுத்தது. சொந்த வண்டிக்கு 15 வருஷம் ஆனா பதிவைப் புதுப்பிக்கணும், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. அந்தச் சோதனை வேண்டியதுதான். ஆனா அதை மட்டும் நம்பவும் கூடாது. எங்க ஜீப் பண்ணின மாதிரி சூட்டுல வர்ற கோளாறு, குளிர்ந்த வண்டியை ஒரு மைதானத்துல ஓட்டிப் பார்த்தா தெரியாது. சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்த வண்டியே மறுநாள் மலையில கவ்வலாம்.

அதைப் பிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கு. மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை ரொம்பக் கம்மி. அதனால ஏறி முடிச்ச முதல் நிறுத்தத்துல நாலு டிரம்மும் அதிகச் சூடு இல்லாம இருக்கணும். புறங்கையைப் பக்கத்துல கொண்டுபோனாலே தெரியும், தொட வேண்டியதில்லை. ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அந்தச் சக்கரம் கவ்வுது. நாலும் அடிச்சா மாஸ்டரைப் பார்க்கணும். இறங்கும்போது பார்த்தா எல்லாமே சூடாத்தான் இருக்கும், ஒண்ணும் பிடிபடாது. ஏறி நின்ன இடத்துல ஒரு நிமிஷம், காசு செலவில்லை. ராத்திரி மழையில நின்ன வண்டி காலையில முதல் ரெண்டு மூணு மிதிக்குக் கவ்வுறது வேற, அது டிரம்ல படிஞ்ச மேல்துரு, தேஞ்சு போயிரும். அதுக்கு மேலயும் கவ்வினா பார்க்கணும்.

நீங்க சுற்றுலா வந்து ஜீப்புல ஏறினா டிரைவர் அண்ணன்கிட்ட மரியாதையா கேளுங்க: "அண்ணே, மேல நிறுத்துறப்ப டிரம் சூட்டை ஒரு தடவை பார்த்திருவோமா?" நல்ல டிரைவர் கோவிச்சுக்க மாட்டாரு, சந்தோஷப்படுவாரு. இறங்கும்போது அவரு சின்ன கியர்ல மெதுவா இறக்கினா அவசரப்படுத்தாதீங்க, இஞ்சினை வெச்சு வண்டியைப் பிடிக்கிறாரு, பிரேக்கைக் காப்பாத்துறாரு. பழைய ஜீப் வாங்குற தம்பிங்க, பெரிய டயருக்கு முன்னாடி நாலு டிரம்மையும் கழட்டிப் பாருங்க, ஹோஸ் எல்லாத்தையும் மாத்துங்க, ஆயிலைப் புதுசா ஊத்துங்க. வண்டிக்குப் பின்னால எப்பவும் ரெண்டு முட்டுக்கட்டை கிடக்கட்டும்.

எங்க ஊர் ஜீப் டிரைவர்ங்ககிட்ட நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. பிரேக் விடலைன்னா, பிரேக் பிடிக்கலைன்னா என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க. சாவியைக் கழட்டிப் பையில போடுங்க.